மானியமும் மலைப்பிள்ளைகளும்

பொன்முடிக்குப் போகிற நம்மவர்கள் வித்துராவில் டீ குடிக்க வண்டியை நிறுத்துவார்கள். அங்கிருந்து அகத்தியமலைப் பக்கம் காட்டுக்குள்ளே காணிக்காரர் குடிகள் பல உண்டு. அவர்கள் வீட்டில் பேசுவது மலம்பாஷை. தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடைப்பட்ட பேச்சு. அந்தப் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தால் காதில் விழுவது புத்தக மலையாளம். நம் வீட்டுப் பிள்ளைகள் இங்கே முதல் நாள் திருதிருவென்று விழித்ததை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் வகுப்புக்குள் எழுத்துக் கூட்ட வராவிட்டால், பிறகு எந்தப் பாடமும் ஏறாது.

அரசு உதவாமல் இல்லை. பட்டியல் பழங்குடிப் பிள்ளைகளுக்கு லம்ப்சம் கிராண்ட் உண்டு, ஸ்டைபண்டு உண்டு. மதியச் சாப்பாடு 1984-இல் கடலோர மீனவ ஊர்களின் எல்.பி. பள்ளிகளில் தொடங்கி மற்றப் பள்ளிகளுக்கும் வந்தது. இவையெல்லாம் பிள்ளையின் கைக்கும் வயிற்றுக்கும் வருகிற காசு. நான் கணக்கு எழுதிப் பழகியவன். சொல்லித்தருகிற ஆளுக்கு எவ்வளவு என்றுதான் அடுத்தபடி பார்ப்பேன்.

அந்தக் கணக்கில் டி.பி.இ.பி. திட்டம் முக்கியமானது. 85 சதவீதம் மத்திய அரசு, 15 சதவீதம் மாநிலம். கேரளத்தில் 1994-இல் மூன்று மாவட்டங்களில் தொடங்கி, அடுத்த கட்டத்தில் திருவனந்தபுரத்துக்கும் வந்தது. அதன் வழியே காட்டுக்குடிகளில் ஏகாத்யாபக வித்யாலயங்கள் எழுந்தன. ஒரே ஆசிரியர், ஒரே கூரை, நாலு வகுப்பு. சம்பளம் என்று சொல்ல முடியாது, மதிப்பூதியம்தான். நெய்யாறு அணைக்கு அப்பாலுள்ள குடிகளுக்குத் தோணியில் கடந்து போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள்.

2010-இல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 60 பிள்ளைகள் வரை இருந்தாலும் இரண்டு ஆசிரியர் வேண்டும் என்றது. நியாயமான சட்டம். ஆனால் இரண்டாமவரை அனுப்புவதற்குப் பதில் 2022-இல் அந்தப் பள்ளிகளையே மூடிவிட்டார்கள். கரும்பலகை முன் நின்ற சிலருக்குக் கிடைத்த மாற்று வேலை, வேறு பள்ளிகளைப் பெருக்குகிற பகுதிநேர வேலை! பிள்ளைகளை வெளிப்பள்ளிக்குக் கொண்டுபோக 'வித்யாவாஹினி'யில் ஜீப் வாடகை கொடுக்கிறார்கள். ஜீப் பள்ளி வாசலில் கொண்டு விடும், அவ்வளவுதான். வீட்டுச் சொல்லுக்குப் பள்ளிச்சொல் எது என்று யார் சொல்வது?

வயநாட்டில் 2017-இல் அதற்கு வழி கண்டார்கள். 'கோத்ரபந்து' என்று, படித்த பழங்குடி இளைஞர்களையே தொடக்கப்பள்ளிகளில் துணையாசிரியராக வைத்தார்கள். குடிகளுக்குள்ளேயே மாலையில் நடக்கிற 'சாமூஹ்ய படனமுறி'யிலும் அதே இனத்தவர் ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தருகிறார்.

எங்கள் சமணத்தில் தானம் நான்கு: ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம். சாத்திர தானம் என்றால் புத்தகம் வாங்கிக் கொடுப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். படித்துக்காட்டுகிற ஆளும் அதில் சேர்த்தி என்பது என் கட்சி. ஜூன் மாதம் நோட்டுப்புத்தகம் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளும் நம் சங்கங்கள், அந்தப் பணத்தில் பாதியைப் படனமுறிக்குப் பெரிய எழுத்துக் கதைப்புத்தகங்களாகவும், அங்கே சொல்லித்தருகிறவரின் வழிச்செலவாகவும் கொடுக்கலாம். போகுமுன் மூட்டுக்காணியிடமும் எஸ்.டி. புரமோட்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகணும். மழைக்காலத்தில் எந்த வழி திறந்திருக்கும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.