வாயில்லா ஜீவனும் வாக்குச்சீட்டும் – 11: மகாராணியின் உத்தரவு

விலங்குகள், பறவைகள் பலியிடல் தடைச் சட்டம் 1950இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அலமாரியில் தூங்கியது. சென்ற வாரம் விட்ட இடம் இது.

2003 ஆகஸ்ட் மாத இறுதியில் முதலமைச்சர் ஜெயலலிதா அந்தச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார். திருச்சி மாவட்டத்தில் எருமைகள் கூட்டமாகப் பலியிடப்பட்ட செய்தி வந்திருந்த சமயம். கோயிலிலும் கோயில் வளாகத்திலும் ஆடு, கோழி, எருமை எதையும் வெட்ட விடக்கூடாது என்று எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் உத்தரவு போனது. மற்ற மாவட்டங்களுக்கு அது புதுச் சேதி. நாஞ்சில் நாட்டுக்குப் பழைய சேதி. இங்கே அதே தடை 78 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முறை வந்திருந்தது.

1925இல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் திருவிதாங்கூரின் தென்கோடித் தாலுகாக்கள். பட்டத்துக்குரிய சித்திரைத் திருநாள் சிறுவர் என்பதால் மகாராணி சேது லட்சுமி பாய் ரீஜண்டாக ஆண்டுகொண்டிருந்தார். அந்த ஆண்டில் அவர் மிருக பலியை நிறுத்தினார். யாரும் வாக்களிக்கவில்லை. உத்தரவு வந்தது, அவ்வளவுதான்.

அதே ஆண்டு, அதே திருவிதாங்கூரில், இன்னொரு விஷயம் வாக்கெடுப்புக்கு வந்தது. வைக்கம் சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்தது. கோயில்களைச் சுற்றியுள்ள தெருக்களை எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிட வேண்டும் என்று சட்டசபையில் ஒரு தீர்மானம். 1925 பிப்ரவரியில் வாக்கெடுத்தார்கள். ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒரே வாக்கில் தீர்மானம் தோற்றது. மனிதன் தெருவில் நடக்கலாமா என்பது வாக்குக்குப் போய்த் தோற்ற ஆண்டில்தான், கோயிலில் ஆட்டை வெட்டலாமா என்பது வாக்கே இல்லாமல் முடிவானது. அந்த ஒரு வாக்கின் விளைவை நாஞ்சில் நாடு மறுவருடமே நேரில் பார்த்தது. 1926இல் சுசீந்திரத்தில் தாணுமாலயன் கோயில் தெருக்களுக்காகச் சத்தியாகிரகம் தொடங்கியது, டாக்டர் எம்.இ. நாயுடு அதன் முன்னணியில் இருந்தார். கோயில் கதவு திறக்க 1936 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதையும் அரச பிரகடனம்தான் திறந்தது, வாக்கு அல்ல.

இந்த 22க்கு 21ஐ விட்டு நகர மனம் வராததற்குக் காரணம் உண்டு. விலங்குகளுக்கு ஆதரவான நம் சட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் வாக்குக் கேட்டு வீடுவீடாகப் போக வேண்டியிராதவர்களின் கையெழுத்தே அவற்றில் இருக்கிறது. 1925இல் மகாராணி. 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறைவேற்றிய சென்னைச் சட்டசபை 1946இல் குறுகிய வாக்குரிமையால் அமைந்தது. கிடா வெட்டுகிற ஏழைச் சனத்தில் பெரும்பகுதிக்கு முதல் வாக்கு 1952இல்தான் கிடைத்தது. மிருகவதைத் தடுப்புக்காக மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து, 1960ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்துக்கு வழிபோட்ட ருக்மிணி தேவி அருண்டேல் நியமன உறுப்பினர். 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டைத் தடுத்தவர்கள் நீதிபதிகள். அவிழ்த்துவிட்ட முடிச்சுகளில் மட்டும் தேர்தலில் நின்றவர்களின் கைரேகை இருக்கும்.

வாக்கும் இல்லாமல் உத்தரவும் இல்லாமல் பலி நின்ற இடமும் நாஞ்சில் நாட்டிலேயே உண்டு. சுசீந்திரத்துக்குத் தென்கிழக்கே சாமித்தோப்பில் 19ஆம் நூற்றாண்டில் அய்யா வைகுண்டர் தம்மைப் பின்பற்றியவர்களிடம் ஆடு, கோழி பலி வேண்டாம் என்றார். அய்யாவழி வழிபாட்டிடங்களான நிழல்தாங்கல்களில் இன்றுவரை ரத்தம் இல்லை. எந்தப் போலீஸும் அங்கே காவல் நிற்கவில்லை.

மற்றபடி மாடனும் இசக்கியும் முத்தாரம்மனும் இருக்கும் ஊர்களில் மகாராணியின் உத்தரவு எவ்வளவு தூரம் செல்லுபடியானது என்பதைக் கொடை என்ற கோயில் விழாக்களே சொல்லும். தலைக்கட்டு வரி பிரித்து, கால்நாட்டி, வில்லுப்பாட்டு ஏற்பாடு செய்து நடக்கும் கொடையில் சாமப் பூசையின்போது நேர்ச்சைக் கிடாவைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கழுத்தில் மாலை. முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். உடனே வெட்டுவதில்லை, கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று பொருள். சும்மா நின்றால் இன்னொரு செம்பு தண்ணீர். வில்லுக்காரர் பாட்டை நிறுத்துவார், மேளம் தணியும், ஊரே அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்தத் தொடரில் இதுவரை பார்த்தவற்றில் விலங்கிடம் சம்மதம் கேட்கும் ஒரே நடைமுறை இது. கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் ஏற்கப்படும் என்பது வேறு விஷயம்.

2003 உத்தரவுக்கு மடாதிபதிகள் சிலரும் பிராணி நல அமைப்புகளும் வரவேற்புச் சொன்னார்கள். இடதுசாரிகளும் தலித் இயக்கங்களும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்களும் எதிர்த்தார்கள். பெருங்கோயிலின் ஒழுக்கத்தை ஊர்த்தெய்வத்தின் மேல் ஏற்றுகிறார்கள் என்பது எதிர்த்தவர்களின் வாதம். சட்டத்திலேயே ஒரு முரண் இருந்ததும் அவர்களுக்கு வசதியாயிற்று. 1960ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஒரு சமூகத்தின் மதம் கேட்கும் முறையில் விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்கிறது. மாநிலச் சட்டம் கோயிலில் வெட்டாதே என்கிறது. கறிக்காக வீட்டில் வெட்டுவதை அது தொடவில்லை. ஆகக் கிடாவின் கதி மாறவில்லை, வெட்டும் இடம்தான் மாற வேண்டியிருந்தது.

இனி, பலரும் மாற்றி நினைவில் வைத்திருக்கும் ஒரு கணக்கு. 2004 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. – பா.ஜ.க. கூட்டணி தமிழ்நாட்டின் 39 இடங்களையும் இழந்தது, புதுச்சேரியும் போயிற்று. மே 13 அன்று முடிவு வந்தது. சில நாட்களிலேயே ஜெயலலிதா அரசு பல உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. மதமாற்றத் தடைச் சட்டம் அப்போதுதான் போனது. பலித் தடையும் அந்தப் பட்டியலில் ஒன்று என்றே மேடைகளிலும் கட்டுரைகளிலும் இன்றுவரை சொல்லப்படுகிறது. தேதி அப்படிச் சொல்லவில்லை. பலித் தடைச் சட்டத்தை நீக்கும் அவசரச் சட்டம் 2004 பிப்ரவரியிலேயே, தேர்தலுக்கு முன்பே, வந்துவிட்டது. மற்றவற்றைக் கவிழ்த்தது தேர்தல் முடிவு. இதைக் கவிழ்த்தது தேர்தல் வரப்போகிறது என்ற நினைப்பு. கிராமத்து ஓட்டின் கோபத்தை ஒரு கட்சி முன்கூட்டியே படித்து, பாடத்தையும் முன்கூட்டியே ஒப்பித்தது, அப்படியும் தேறவில்லை.

நாஞ்சில் நாட்டு நாட்காட்டியை இதன் பக்கத்தில் வைத்தால் இன்னொன்றும் தெரியும். உத்தரவு வந்தபோது ஆடி முடிந்து ஆவணி பிறந்திருந்தது. சட்டம் நீங்கியபோது மாசி. பெரும்பாலான கொடைகள் நடக்கும் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்கள் அந்த இடைவெளியில் வரவே இல்லை. தடை உயிரோடிருந்த ஆறு மாதமும் கிடாக்களுக்குப் பெரிதாக ஆபத்தில்லாத ஆறு மாதம்.

நாகர்கோவில் தொகுதியில் 2004இல் மத்திய அமைச்சராக இருந்த பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணனை மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.வி. பெல்லார்மின் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார். அதில் கிடாவின் பங்கு எவ்வளவு என்று எந்தப் பெட்டியும் தனியாக எண்ணித் தராது. அரசு ஊழியர் வேலைநிறுத்தம், அதன்மேல் பாய்ந்த டெஸ்மா சட்டம், கூட்டணிக் கணக்கு, மதமாற்றச் சட்டம் என்று காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. கிறிஸ்தவர்கள் பெருமளவில் வாழும் மாவட்டத்தில் கடைசிக் காரணம் கனமானது.

நாகர்கோவில் பெயர் வந்துவிட்டதால் ஒரு கிளைக்கதை. இதே தொகுதியில் 1969 ஜனவரி இடைத்தேர்தலில் காமராசர் 1,28,000க்கும் கூடுதலான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தொகுதி உறுப்பினர் மார்ஷல் நேசமணி மறைந்ததால் வந்த தேர்தல் அது. காங்கிரஸின் சின்னம் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. அந்த ஆண்டின் இறுதிக்குள் கட்சி இரண்டாக உடைந்தது. காளைகளுக்கு இரு தரப்பும் உரிமை கோரின. இந்திரா தரப்பு 1971இல் பசுவும் கன்றும் சின்னத்தில் நின்றது. காமராசர் தரப்புக்கு இராட்டை சுற்றும் பெண் கிடைத்தாள். பிற்காலத்தில் உயிருள்ள சின்னங்களைப் பிரசாரத்தில் இழுத்துத் திரிவது வதையாகிறது என்ற புகாரால் தேர்தல் ஆணையம் விலங்குச் சின்னம் தருவதையே நிறுத்தியது. யானை, சிங்கம் போல ஏற்கனவே வைத்திருந்த சிலருக்கு மட்டும் விலக்கு. வாக்குச்சீட்டில் விலங்குக்குக் கிடைத்த நேரடிப் பாதுகாப்பு இது ஒன்றுதான். இதையும் தந்தது ஒரு நியமன அமைப்பு.

விதிக்கு விலக்கு பக்கத்திலேயே இருக்கிறது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே 1968ஆம் ஆண்டுப் பலித் தடைச் சட்டம் இன்னும் நடப்பில் உண்டு. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் முதலமைச்சராக இருந்த காலத்தில், அனைவரும் வாக்களித்துத் தேர்ந்த சபை போட்ட சட்டம் அது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை எதிர்த்த மனுவில் நோட்டீஸ் அனுப்பியது, சட்டம் விழவில்லை. ஒரே மகாராணியின் உத்தரவைக் கேட்ட இரண்டு பக்கங்கள், இன்று சோதனைச் சாவடிக்கு இப்பால் ஒரு சட்டம், அப்பால் ஒரு சட்டம்.

மக்களிடமே நேராகக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சுவிட்சர்லாந்து பழைய சாட்சி. மக்களே கையெழுத்துத் திரட்டி அரசியலமைப்பைத் திருத்தும் உரிமை அங்கே 1891இல் வந்தது. அதன்படி நடந்த முதல் வாக்கெடுப்பே, 1893 ஆகஸ்ட் 20 அன்று, விலங்கைப் பற்றியது: மயக்கம் கொடுக்காமல் அறுப்பதற்குத் தடை. நாடாளுமன்றம் வேண்டாம் என்றது. வாக்களித்தவர்களில் 100க்கு 60 பேர் வேண்டும் என்றார்கள். கருணையோடு யூத வெறுப்பும் அந்தப் பெட்டியில் விழுந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் மறைப்பதில்லை. அதே நாட்டில் 2018இல் அர்மின் காபவுல் என்ற விவசாயி, மாட்டின் கொம்பைச் சுடாமல் வளர்ப்பவருக்கு மானியம் கேட்டு ஒரு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கி வாக்கெடுப்பு வரை கொண்டுபோனார். ஏறக்குறைய 55 சதவீதம் எதிர்த்து விழுந்தது. அதே ஆண்டு கலிபோர்னியா மக்கள் கோழி, பன்றி, கன்றுகளுக்குத் திரும்பிப் படுக்க இடம் வேண்டும் என்று 62 சதவீதத்துக்கும் மேல் வாக்களித்தார்கள்; பன்றி வளர்ப்போர் சங்கம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 2023இல் தோற்றது. 2024 நவம்பரில் டென்வர் நகர வாக்காளர்கள் தங்கள் ஊர் ஆட்டிறைச்சிக் கூடத்தை மூட மறுத்தார்கள். அங்கே வேலை பார்ப்பவர்களின் பிழைப்பே பிரசாரத்தில் முன்னால் நின்றது.

தமிழ்நாட்டில் 2004க்குப் பின் எந்த ஆட்சியும் பலித் தடைச் சட்டத்தை மீண்டும் கொண்டுவரவில்லை. இந்த வாரத்துக்குச் சொல்லியிருந்த ஜல்லிக்கட்டு, மகாராணியும் காமராசரும் இடத்தைப் பிடித்துக்கொண்டதால், அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. சட்டமன்றத் தேர்தல் ஆண்டான 2016இல், ஜனவரி 7 அன்று வந்து ஐந்தே நாளில் உச்ச நீதிமன்றத்தில் தடைபட்ட மத்திய அரசின் அறிவிக்கையிலிருந்து அது தொடங்கும்.