ஆம்ஸ்டர்டாமில் அபராதம் போடும் கேமரா கார்

ஆம்ஸ்டர்டாமில் தெருவோரம் மட்டும் 1,50,000-க்கும் மேற்பட்ட கார் நிறுத்துமிடங்கள் இருக்கின்றன. கால்வாய்களும் பழைய வீடுகளும் நெருக்கியடிக்கும் ஊர் என்பதால் கட்டணம் கடுமை. நகர மையத்தில் ஒரு மணி நேரத்துக்கு 7.50 யூரோ என்று 2019-இலேயே உயர்த்திவிட்டார்கள். பணம் கட்டியவர் யார், கட்டாதவர் யார் என்று இத்தனை இடங்களிலும் ஆட்கள் நடந்து பார்த்து மாளாது. அதனால் கேமராக்கள் பொருத்திய ‘ஸ்கேன் கார்’களை மாநகராட்சி தெருத்தெருவாக ஓடவிடுகிறது.

ரசீதை வண்டியின் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கும் வழக்கம் அங்கே போய்விட்டது. மெஷினில் கட்டினாலும் செல்போனில் கட்டினாலும் வண்டி எண்ணைக் கொடுக்க வேண்டும். அந்த எண் தேசிய பார்க்கிங் பதிவேட்டில் ஏறிவிடும். அந்தப் பகுதியில் குடியிருப்போரின் அனுமதிகளும் அதில்தான் இருக்கின்றன. ஸ்கேன் கார் ஓடிக்கொண்டே நம்பர் பிளேட்டுகளைப் படிக்கிறது. கணினி ஒவ்வோர் எண்ணையும் பதிவேட்டில் தேடுகிறது. எண்பலகையைக் கணினியைக் கொண்டு படிக்கும் நுட்பம் புதிதல்ல, 1976-இல் பிரிட்டனில் காவல் துறைக்காக உருவானது. எல்லா அனுமதியும் ஒரே பதிவேட்டுக்குள் வந்த பிறகுதான் பார்க்கிங் சோதனைக்கு அது இவ்வளவு கைகொடுக்கிறது.

எண் பதிவேட்டில் இல்லையென்றால் உடனே அபராதம் விழுவதில்லை. படங்கள் ஓர் ஆய்வாளரின் திரைக்குப் போகின்றன. வண்டி சிக்னலுக்காக நிற்கிறதா, யாராவது சாமான் இறக்குகிறார்களா என்று அவர் பார்க்கிறார். தேவைப்பட்டால் ஸ்கூட்டரில் ஒருவர் நேரில் போய்ப் பார்க்கவும் வழி உண்டு. இந்த நடைமுறையை, 2020-இல் தொடங்கிய தன் அல்காரிதம் பதிவேட்டில் மாநகராட்சியே விளக்கியிருக்கிறது. தன்னைக் கண்காணிக்கும் கருவி எப்படி வேலை செய்கிறது என்று குடிமகன் தெரிந்துகொள்ள முடிவது பாராட்டத்தக்கது.

சிக்கல் ஆய்வாளரின் அந்தத் திரையில்தான் தொடங்குகிறது. நெதர்லாந்தின் நகராட்சிச் சட்டப்படி, ஆள் ஏறி இறங்கவும் சரக்கு ஏற்றி இறக்கவும் வண்டி நிற்கும் நேரம் ‘பார்க்கிங்’ கணக்கில் சேராது, கட்டணமும் கிடையாது. துணி துவைக்கும் இயந்திரத்தை மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு இருவர் படியேறியிருக்கும்போது ஸ்கேன் கார் கடந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். படத்தில் இருப்பது ஆளில்லாத வண்டி. தெருவில் நின்று இரண்டு நிமிடம் பார்க்கும் ஆய்வாளருக்கு அவர்கள் திரும்பி வருவது தெரிந்திருக்கும்.

மாற்றுத்திறனாளிகளின் நிலை இன்னும் வருத்தம் தருவது. அவர்களுக்கான ஐரோப்பிய பார்க்கிங் அட்டை வண்டிக்குத் தரப்படுவதல்ல, ஆளுக்குத் தரப்படுவது. இன்று மகளின் காரில், நாளை பக்கத்து வீட்டுக்காரரின் காரில் போகலாம். அட்டையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் போதும் என்பதே அதன் ஏற்பாடு. எண்பலகையைப் படிக்கும் கேமராவுக்கு அந்த அட்டை தெரியாது. பல டச்சு ஊர்களில் வண்டி எண்ணை முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்கிறார்கள். நடமாடச் சிரமப்படுகிறவருக்குக் கொடுத்த சலுகையோடு, ஒவ்வோர் ஊரின் விதியையும் தேடிப் படிக்கும் வேலையும் சேர்ந்துவிடுகிறது.

அபராதம் என்று நாம் சொன்னாலும் அங்கே அது வரி பாக்கி வசூல்தான்: ஒரு மணி நேரக் கட்டணமும் வசூல் செலவும் சேர்த்து வீட்டுக்குத் தபாலில் வரும். ஆறு வாரத்துக்குள் ஆட்சேபிக்கலாம். ஆனால் அன்று சாமான் இறக்கினேன் என்பதற்கு டெலிவரி ரசீதையோ சாட்சியையோ தேட வேண்டியவர் வண்டிக்காரர். படத்தில் ஆளில்லாத சரக்கு வண்டியோ திறந்த கதவோ தெரிந்தால், ஸ்கூட்டர் ஆய்வாளர் நேரில் போய்ப் பார்த்த பிறகே நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று விதி இருக்க வேண்டும். கேமரா கார்கள் மிச்சப்படுத்தித் தரும் ஆள்பலத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவது மாநகராட்சியால் முடியாத காரியமல்ல.