கன்டோனிய உணவகத்தில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்



மேற்படிப்பிற்காக மெல்பர்ன் செல்லும் எமது பிள்ளையைச் சக மாணவர்கள் பொக்ஸ் ஹில் புறநகரில் உள்ள கன்டோனிய உணவகமொன்றிற்கு அழைக்கக் கூடும். 'பன்றி இறைச்சியைத் தவிர்த்துவிட்டேன்' என்ற திருப்தி அங்கு போதுமானதன்று.

'ஹர் காவ்' எனும் இறால் கொழுக்கட்டையில் கண்ணுக்குத் தெரிவது இறால் மாத்திரமே; ஆயினும் அதன் பூரணத்தில் பன்றிக் கொழுப்புச் சேர்க்கப்படுவதுண்டு. முள்ளங்கி அப்பத்தில் பன்றி சொசேஜஸ் துண்டுகள் கலந்திருக்கலாம். வதக்கிய கீரையிலும் 'ஷாவோஷிங்' அரிசி மது தெளிக்கப்படலாம். இறைச்சி வதக்கிய அதே தாச்சியிலேயே மீனும் சமைக்கப்படலாம்.

எனவே கொழுப்பு எது, மது சேர்ந்ததா, தாச்சி வேறானதா என்ற மூன்றையும் வினவுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிடின் உண்ணாதீர்கள்.

மறுப்பது நட்பை முறிக்குமோ என அஞ்ச வேண்டியதில்லை. அங்கு காலை விருந்தின் பெயரே 'யம் சா', அதாவது தேநீர் அருந்துதல். மது பரிமாறப்படாத மேசையாயின், தேநீருடன் அமர்ந்திருங்கள். ஒருவர் உங்கள் கோப்பையை நிரப்பினால், இரு விரல்களால் மேசையை மெல்லத் தட்டுவது அவர்களது நன்றி கூறும் மரபு.

பெற்றோர்களே! 'போகாதே' என்று மட்டும் கூறி அனுப்பாதீர்கள்; கேட்கும் துணிவையும் கொடுத்தனுப்புங்கள். தொலைவில் இருக்கும் பிள்ளைக்கு அதுவே காவல். அல்லாஹ் நம் அனைவரது உணவையும் தூய்மையாக்குவானாக!