ஏரிக் காட்டில் மூன்று நாள்: ஒரு தோணிப் பயணத்தின் கணக்கு

தந்தை ஒருவரும் அவருடைய பதினொரு வயது மகளும் ஒரு சிறு தோணியில் ஏறி, சாலையும் கடையும் இல்லாத ஏரிக் காட்டுக்குள் மூன்று நாள் போய்வர விரும்புகிறார்கள். இரவில் கூடாரம், பகலில் தூண்டில் மீன்பிடிப்பு. முதல் நாளில் அவர்கள் எவ்வளவு தூரம் போகலாம்?

"தோணி மணிக்கு 5 கி.மீ. போகும். பகலில் பத்து மணி நேரம் துடுப்புப் போடலாம். ஆகவே 50 கி.மீ." என்று நீங்கள் விடை எழுதினால், பெருக்கல் சரி, ஆனால் விடை தவறு! சரியான விடை ஏறக்குறைய 7 கி.மீ. ஏன் இத்தனை வேறுபாடு? அதைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம். நீங்கள் வகுப்பில் படிக்கும் மிதத்தல், திருப்புத்திறன், வெப்பக் கடத்தல் எல்லாம் இதற்குத் துணைக்கு வரும்.

பயணம் எங்கே?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் வடகிழக்கில், கனடா எல்லையை ஒட்டி, 'பவுண்டரி வாட்டர்ஸ்' என்னும் காட்டுப் பகுதி இருக்கிறது. பரப்பு சுமார் 4,400 சதுர கி.மீ. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் அதில் உள்ளன. பனியுகத்தில் பெரும் பனிப்பாளங்கள் பழம்பாறையைச் சுரண்டிச் சென்ற பள்ளங்களே இந்த ஏரிகள். 1978-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்று இப்பகுதியைக் காக்கிறது. பெரும்பாலான ஏரிகளில் மோட்டார் படகுக்கு இடமில்லை. 'கனூ' எனப்படும் ஒடுங்கிய துடுப்புத் தோணியே இங்கு வாகனம். இம்மண்ணின் பழங்குடியினரான ஒஜிப்வே மக்கள் பிர்ச் மரப்பட்டையால் அதைச் செய்தார்கள். இன்று அலுமினியத்தாலும் கெவ்லார் என்னும் வலிய இழையாலும் செய்கிறார்கள்.

விதிகள் சில உண்டு. ஒரு குழுவில் 9 பேருக்கு மேல் கூடாது. தோணிகள் 4-க்கு மேல் கூடாது. உணவைத் தகர டப்பாவிலோ கண்ணாடிப் புட்டியிலோ கொண்டுபோகக் கூடாது. மே 1 முதல் செப்டம்பர் 30 வரை, இரவு தங்குவதற்கு ஒவ்வொரு நுழைவாயிலிலும் நாளொன்றுக்கு இத்தனை குழு என்று வரம்பு உண்டு; ஆகவே அனுமதிச் சீட்டை முன்கூட்டியே பெறவேண்டும். இரும்பு அடுப்பு பதித்த முகாம் இடங்களில்தான் தங்கலாம். அந்த இடங்களை முன்பதிவு செய்ய முடியாது; முதலில் வருபவருக்கே இடம். எனவே சீக்கிரம் போய்ச் சேருவதும் திட்டத்தின் ஒரு பகுதி.

தோணி எவ்வளவு அமிழும்?

தந்தை 70 கிலோ, மகள் 35 கிலோ, மூட்டை முடிச்சுகள் 35 கிலோ, கெவ்லார் தோணி 20 கிலோ என்று கொள்வோம். மொத்தம் 160 கிலோ. ஆர்க்கிமிடீஸ் விதிப்படி தோணி 160 கிலோ நீரை, அதாவது 160 லிட்டரை, விலக்கி மிதக்கும். நீர்மட்டத்தில் தோணியின் பரப்பு சுமார் 3 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மேலும் 30 கிலோ ஏற்றும்போது தோணி ஒரு சென்டிமீட்டர்தான் கூடுதலாக அமிழும். ஆகவே, சுமையின் அளவைவிட அதை எங்கே வைக்கிறோம் என்பதே முக்கியம்.

திசை திருப்பும் வேலை தந்தைக்கு. அவர் பின்னால் அமர்வார், மகள் முன்னால். இருவரும் நடுவிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி அமர்ந்தால், பின்பக்கத் திருப்புத்திறன் 70 × 1.5 = 105; முன்பக்கத்தில் 35 × 1.5 = 52.5 மட்டுமே. ஏற்றப் பலகையில் அப்பாவும் குழந்தையும் எதிரெதிரே அமர்ந்த கதைதான்! தோணியின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். எதிர்க்காற்று அந்த மூக்கைப் பிடித்துத் திருப்பிவிடும். 35 கிலோ மூட்டைகளை நடுவுக்கு முன்னே 0.8 மீட்டரில் வைத்தால் 28 அலகு திருப்புத்திறன் முன்பக்கம் சேரும். வித்தியாசத்தில் பாதிக்கு மேல் ஈடாகிவிடும். தந்தையும் இருக்கையில் சற்று முன்னே நகர்ந்து அமர்ந்தால் மீதியும் குறையும்.

இன்னொன்று: தோணியில் யாரும் எழுந்து நிற்கக் கூடாது. நின்றால் ஈர்ப்பு மையம் உயர்ந்து, சிறு சாய்வும் கவிழ்ப்பாக முடியும். அலை மிகுந்தால் முழந்தாளிட்டு அமர்வார்கள். ஈர்ப்பு மையம் தாழ்ந்து தோணி நிலைக்கும்.

ஒரு நடை மூன்று நடை ஆவது எப்படி?

ஏரிக்கும் ஏரிக்கும் இடையே காட்டுப் பாதை உண்டு. அங்கே தோணியையும் மூட்டைகளையும் தோளில் சுமந்து நடக்க வேண்டும். இதற்குப் 'போர்ட்டேஜ்' என்று பெயர். இதன் நீளத்தை 'ராட்' என்னும் பழைய அளவில் சொல்வது இங்கு வழக்கம். ஒரு ராட் 16½ அடி. ஏறக்குறைய ஒரு தோணியின் நீளம். 160 ராட் என்றால் அரை மைல், அதாவது சுமார் 800 மீட்டர்.

எல்லாவற்றையும் ஒரே நடையில் தூக்க முடியாது. முதல் நடையில் தந்தை தோணியைச் சுமக்க, மகள் துடுப்புகளையும் 4 கிலோ பையையும் எடுத்துச் செல்வாள். பிறகு வெறுங்கையோடு திரும்பி வந்து, தந்தை 27 கிலோ பெரிய பையையும் மகள் மீதி 4 கிலோவையும் சுமப்பார்கள். மகளைக் காட்டில் தனியே விட முடியாது. ஆகவே இருவரும் சேர்ந்தே நடக்க வேண்டும். வரைபடத்தில் 800 மீட்டர். காலுக்கு 2,400 மீட்டர்! சுமையோடு மணிக்கு 3 கி.மீ. என்று பார்த்தால் நடைக்கு 48 நிமிடம். ஏற்றி இறக்க 12 நிமிடம். ஆக ஒரு மணி நேரம்.

இனி முதல் நாள் கணக்கை முடிப்போம். சிறுமி துடுப்புப் போடும் தோணி மணிக்கு 3 கி.மீ. போகும் எனக் கொள்வோம். 6 கி.மீ. நீர்வழிக்கு 2 மணி. 800 மீட்டர் போர்ட்டேஜுக்கு 1 மணி. 400 மீட்டர் போர்ட்டேஜுக்கு அரை மணி. ஓய்வுக்கு அரை மணி. மொத்தம் 4 மணி. தூரம் 7.2 கி.மீ. காலை 7 மணிக்குப் புறப்பட்டால் 11 மணிக்கு முகாம்.

"ஏன் 11 மணியோடு நிறுத்த வேண்டும்? இன்னும் பகல் இருக்கிறதே!" என்று கேட்பீர்கள். அதற்கு விடை காற்றில் இருக்கிறது.

காற்று எழுமுன்

காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகக் கிடக்கிறது. மேலே வேகமாக வீசும் காற்றோடு அது கலப்பதில்லை. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, வெப்பக் காற்று எழும்பி, மேல் காற்றும் கீழ்க் காற்றும் கலக்கின்றன. மேலே இருந்த வேகம் கீழே இறங்குகிறது. அதனால்தான் ஏரிகளில் பல நாட்களில் பிற்பகல் காற்று பலமாக இருக்கிறது. காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். காற்றின் வேகம் மணிக்கு 10 கி.மீ.யிலிருந்து 20 கி.மீ. ஆனால் விசை நான்கு மடங்கு! சிறுமியின் கைவலிமை நான்கு மடங்கு ஆகாதே.

காற்று தடையின்றி வீசும் நீர்ப்பரப்பு நீள நீள அலையும் உயரும். எனவே அகன்ற ஏரியை நடுவே வெட்டிக் கடக்காமல் கரையை ஒட்டிப் போவது அறிவுடைமை. இடி கேட்டால் உடனே கரையேற வேண்டும். பரந்த நீரில் உயரமான பொருள் தோணியில் இருப்பவர்களே அல்லவா? கடைசி இடியோசைக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே மீண்டும் நீரில் இறங்கலாம்.

சிறிய உடல் விரைவில் குளிரும்

காட்டு ஏரியின் பெரிய ஆபத்து கரடி அன்று, குளிர்ந்த நீர். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது. மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு என்ன நேரும் என்பதைக் கனடா நாட்டு ஆய்வாளர் கார்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று சுருக்கிச் சொல்கிறார். மூச்சுத் திணறலை அடக்க 1 நிமிடம்; கைகால் பயன்படும் நேரம் 10 நிமிடம்; உடல் குளிர்ந்து நினைவு தப்பும் வரை 1 மணி. மிதவைச் சட்டை அணியாதவர் அந்த முதல் நிமிடத்திலேயே மூழ்கிவிடக் கூடும்.

குழந்தைக்கு இந்த நேரம் இன்னும் குறைவு. ஏன்? 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6, கன அளவு 1. பக்கம் 2 செ.மீ. ஆனால் மேற்பரப்பு 24, கன அளவு 8. சிறியதில் ஒரு பங்கு உடலுக்கு 6 பங்கு தோல். பெரியதில் 3 பங்கு மட்டுமே. வெப்பம் தோல் வழியாகத்தான் வெளியேறுகிறது. ஆகவே, ஒரே நீரில் விழுந்தாலும் மகளே முதலில் குளிர்வாள். தந்தை தம் உடம்பில் உணரும் குளிரை அளவாகக் கொண்டு "இது ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடக் கூடாது.

இதனால் சில முடிவுகள் பிறக்கின்றன. மிதவைச் சட்டை மகளின் எடைக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும். தோணியில் இருக்கும் வரை அது உடம்பை விட்டு இறங்கக் கூடாது. பருத்தி ஆடை வேண்டாம். நனைந்தால் அதன் காற்றறைகளில் நீர் நிரம்பிக் குளிரைத் தடுக்காது. கம்பளியோ செயற்கை இழையோ நல்லது. நீர் புகாத பையில் ஒரு மாற்றுடை தேவை. தோணி கவிழ்ந்தால் அதை விட்டு நீந்திப் போகக் கூடாது. அதையே பற்றிக்கொள்ள வேண்டும். இதைப் பயணத்துக்கு முன்பே, ஆழமில்லாத வெதுவெதுப்பான நீரில், இருவரும் பழகிப் பார்க்க வேண்டும்.

மீனும் ஒரு தந்தைதான்

அவர்கள் தேடிப்போகும் மீன் 'ஸ்மால்மவுத் பாஸ்'. சிறுவாய் மீன் எனலாம். 1802-இல் இதற்கு அறிவியல் பெயரிட்ட பிரெஞ்சு அறிஞர் லாசெப்பேட் கையில் கிடைத்தது முதுகுத் துடுப்பு சிதைந்த ஒரு மீன். அதனால் 'சிறு துடுப்பு' என்னும் பொருள்பட 'மைக்ராப்டெரஸ்' என்று பெயர் வைத்தார், பெயர் நிலைத்துவிட்டது! இந்த எல்லை ஏரிகள் பலவற்றில் இது இயற்கையாக வாழ்ந்த மீன் அன்று. மனிதர் கொண்டுவந்து விட்டது.

ஏரி நீர் 15°, 16° செல்சியஸ் அளவுக்குச் சூடாகும் முன்கோடையில் இது முட்டையிடுகிறது. கரையோரச் சரளைக் கற்களில் கூடு அமைப்பதும், முட்டையையும் குஞ்சுகளையும் காவல் காப்பதும் ஆண் மீனே. அந்த நேரத்தில் தூண்டிலிட்டு அதை அகற்றினால், வேறு மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும். ஆகவே ஜூலைக் கடைசியே நல்ல காலம். அப்போது கூட்டுக் காவலும் முடிந்திருக்கும், மேல்நீரும் வெதுவெதுப்பாகியிருக்கும். மீனின் குடும்பத்துக்கும் மனிதக் குடும்பத்துக்கும் பொருத்தமான நாள் ஒன்றாகவே அமைவது பாருங்கள்!

கோடையில் ஏரி அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். 4° செல்சியஸில் நீருக்கு அடர்த்தி மிகுதி அல்லவா? குளிர்ந்த நீர் அடியில் தங்க, வெப்ப நீர் மேலே மிதக்கிறது. சிறுவாய் மீன் விரும்புவது வெப்பமான மேலடுக்கில் உள்ள பாறைச் சரிவுகளை. நண்டைப் போன்ற நன்னீர் இறால் வகையும் சிறு மீன்களும் அங்கேதான் அதற்கு இரையாகக் கிடைக்கும். வெப்பமானியைக் கயிற்றில் கட்டி மீட்டர் மீட்டராக இறக்கி, மகளே இந்த அடுக்குகளைக் கண்டுபிடிக்கலாம்.

தூண்டில்கோல் ஒரு நெம்புகோல். கோலின் அடி இடுப்பில் ஊன்றியிருக்க, கை அதிலிருந்து 0.3 மீட்டரில் பிடித்திருப்பதாகக் கொள்வோம். 2.1 மீட்டர் கோலின் நுனியை மீன் இழுக்கும்போது, கை ஏழு மடங்கு விசை கொடுக்க வேண்டும். 1.5 மீட்டர் கோலானால் ஐந்து மடங்கு போதும். கோல் வளைவதால் உண்மையில் இது சற்றுக் குறையும். எப்படியும் சிறுமிக்குக் குட்டைக் கோலே நல்லது. கூர் முள்ளில் எதிர்க்கொக்கி இல்லாத தூண்டில் முள்ளை எடுத்துச் சென்றால், மீன் வாயிலிருந்தும், தவறிக் குத்தினால் விரலிலிருந்தும், எளிதாகக் கழற்றலாம். முனைவாக்கக் கண்ணாடி அணிந்தால் நீரின் பளபளப்பு குறைந்து மீன் தெரியும். பறந்துவரும் முள்ளிலிருந்து கண்ணுக்கும் காப்பு. நீரில் தெரியும் மீன் ஒளிவிலகலால் மேலெழும்பித் தோன்றும். நேர்கீழே பார்த்தால் 4 அடி ஆழத்து மீன் 3 அடியில் இருப்பதாகப்படும்!

திட்டத் தாள்

முதல் நாள் போய்ச் சேருவது. இரண்டாம் நாள் அங்கேயே தங்கி மீன்பிடிப்பது. மூன்றாம் நாள் திரும்புவது. காற்று வழிமறித்தால் காத்திருக்க ஒரு நாள் உணவு கூடுதலாக இருக்க வேண்டும். குடிநீரைக் கொதிக்க வைக்க வேண்டும். கரடி எட்டாதபடி உணவை மரத்தில் உயரக் கட்ட வேண்டும். வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதி ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். பல இடங்களில் கைப்பேசி வேலை செய்யாது. செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் சிறு கருவி இருந்தால் நல்லது. தாளின் கடைசி வரியை மகள் கையாலேயே எழுதவேண்டும்: "அப்பா, போதும் என்று நான் சொன்னால், கரையேறிவிட வேண்டும்."

ஏன் இந்த விதி? இருவரில் முதலில் களைப்பவளும் முதலில் குளிர்பவளும் அவளே. அவள் உடம்பே இப்பயணத்தின் அளவுகோல். அதைக் கேட்டு நடப்பதால் தந்தைக்கு நட்டம் எதுவும் இல்லை, 50 கி.மீ. ஓடிக் களைத்துத் திரும்புவதைவிட, 7 கி.மீ. போய் இரண்டு மாலைப் பொழுதுகள் மகளோடு தூண்டில் போடுவது மேல்.

செய்து பாருங்கள்: அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பி, நீண்ட பிளாஸ்டிக் சோப்புப் பெட்டியை மிதக்க விடுங்கள். பின்முனையில் நான்கு நாணயம், முன்முனையில் இரண்டு நாணயம் வையுங்கள். பெட்டி எப்படிச் சாய்கிறது? இன்னும் இரண்டு நாணயங்களை எங்கே வைத்தால் பெட்டி சமமாக நிற்கும்? முதலில் தாளில் கணக்கிடுங்கள். பிறகு நாணயத்தை வையுங்கள்.