தலைகள் எண்ணப்பட்டன... பெயர்கள் தொலைந்தன! செங்கல்பட்டு கூலிக் குடும்பங்களின் 130 ஆண்டுக் கதை

உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் தெரியுமா? விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்து கிராமத்தில் களை பறித்த ஒரு கூலித் தொழிலாளியின் வாரிசுக்கு, இது சில நிமிட வேலை.

1881 ஏப்ரல் 3-ம் தேதி இரவு அங்கு எடுக்கப்பட்ட சென்சஸில், ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருந்தார்கள், வயது என்ன, என்ன தொழில், எந்த ஊரில் பிறந்தார்கள் என்பதெல்லாம் பதிவானது. அந்தத் தாள்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. இணையத்திலேயே தேடலாம்.

அதே 1881 பிப்ரவரி 17-ல் செங்கல்பட்டு ஜில்லாவிலும் சென்சஸ் நடந்தது. கிராமத்துக் கர்ணங்கள் வீடு வீடாக விவரம் குறித்தார்கள். ஆனால், கூட்டல் கணக்கு முடிந்ததும் வீட்டு விவரத் தாள்கள் பாதுகாக்கப்படவில்லை. மிஞ்சியவை அட்டவணைகள் மட்டுமே. வயலில் நின்றவர்கள் வெறும் எண்ணிக்கையாகிப் போனார்கள்.

கலெக்டர் எழுதிய அறிக்கை

அந்த எண்களுக்குப் பின்னால் இருந்த வாழ்க்கையை ஓரளவு காட்டுவது, செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கை. பறையர் சமூகத்து விவசாயக் கூலிகளின் நிலையைப் பற்றியது அது. கடனுக்கு அடமானமாகி ஒரே பண்ணையில் உழைக்கும் படியாள் முறை, கூலியாகக் கிடைக்கும் தானியம், மண் குடிசை என எல்லாவற்றையும் அது பேசியது.

குடிசை இருந்த இடம்கூட அவர்களுடையது இல்லை. மிராசுதார்கள் அதற்கும் உரிமை கொண்டாடினார்கள். எதிர்த்துப் பேசினால் வேலையோடு வீடும் போகும். எனவே, மனைப்பட்டாவும் சாகுபடி நிலமும் தேவை என்றார் டிரமென்ஹீர்.

இதைத் தொடர்ந்து 1892-ல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. சென்னை மாகாணத்தில் ஒதுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் எனச் சொல்லப்படுகிறது. பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை.

கப்பல் ஏறியவர்களுக்குப் பெயர் உண்டு!

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஊரில் இருந்தவர்களின் பெயர் தொலைந்தது; ஊரை விட்டுப் போனவர்களின் பெயர் பிழைத்தது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சம் பேர் போனார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் எனக் கப்பல் பட்டியல்களில் எல்லாம் பதிவானது. அதை வைத்துக்கொண்டுதான் அவர்களின் வாரிசுகள் இன்று பூர்வீக ஊரைத் தேடி வருகிறார்கள்.

பெயர் இருந்தால் நிலம் இருக்கும்

பழைய காகிதம் வெறும் ஞாபகப் பொருள் அல்ல. மாமல்லபுரம் பகுதியை ஒட்டிய காரணையில் பஞ்சமி நிலங்கள் கைமாறிப்போனதை எதிர்த்து 1994-ல் போராட்டம் வெடித்தது. அக்டோபர் 10-ம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் உயிரிழந்தனர். நூறு வருடத்துக்கு முந்தைய அரசாணைக்காகப் போன உயிர்கள் அவை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை விலை ஏற ஏற, இந்தக் கேள்வியும் சூடாகவே இருக்கிறது. உங்கள் குடும்பத்திடம் பழைய பட்டா, கிரயப் பத்திரம், தீர்வை ரசீது ஏதாவது இருந்தால், முதலில் போட்டோ எடுத்து வையுங்கள். சர்வே எண் தெரிந்தால், தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் 'அ' பதிவேட்டைப் பார்க்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்களுக்குத் தெரிந்த பெயர்களையும் ஊரையும் கேட்டு எழுதி வையுங்கள். சென்சஸ் தொலைத்த பக்கத்தை அவர்களால்தான் நிரப்ப முடியும்.