நோய் நீங்கிய நாய்க்குட்டியும் தேறாத வயிறும்

நாய்க்குட்டிகளைப் பீடிக்கும் நோய்களுள் பார்வோ வைரஸ் நோய் மிகக் கொடியது. சோர்வும் வாந்தியுமாகத் தொடங்கித் துர்நாற்றம் மிகுந்த குருதிக் கழிச்சலாக முற்றும். உரிய சிகிச்சை கிட்டாவிடில் சில நாட்களிலேயே குட்டி மடிந்துவிடும். 1978-ஆம் ஆண்டில் உலகின் கவனத்துக்கு வந்த இந்நோய் ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் கண்டங்கள் அனைத்திலும் பரவிற்று. 1980-களின் தொடக்கத்தில் நம் நாட்டிலும் அது காணப்பட்டது. நோயைப் பற்றியும் அதற்குரிய தடுப்பூசியைப் பற்றியும் இன்று பலரும் அறிந்துள்ளனர். ஆனால் நோயினின்று பிழைத்து வீடு திரும்பிய குட்டியை எவ்வாறு பேணுவது என்பது பற்றிப் போதிய விளக்கம் கிடைப்பதில்லை. நரம்பு வழியே ஏற்றிய திரவமும் ஊசிகளும் முடிந்து, குட்டி எழுந்து நடமாடத் தொடங்கிய பின்னரும், வாரக்கணக்கில் மலம் இளகிக்கொண்டே இருப்பதுண்டு. தின்றது உடலில் ஒட்டாது. இடையிடையே வாந்தியும் வரும். அப்போது உரிமையாளர் களப்பணியாளரிடம் கேட்கும் முதற் கேள்வி, "நோய் திரும்பிவிட்டதா?" என்பதே. பெரும்பாலும் இல்லை என்றே விடை கூறலாம். ஒருமுறை பிழைத்த குட்டிக்கு அவ்வைரஸை எதிர்க்கும் ஆற்றல் பல ஆண்டுகள் நிலைத்திருக்கும். வைரஸ் அகன்றுவிட்டது, அது அழித்துச் சென்ற குடற்சுவர் இன்னும் முற்றிலும் வளர்ந்து தீரவில்லை.

சிறுகுடலின் உட்பரப்பில் விரல்கள் போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகள் நெருங்கி நிற்கின்றன என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் கற்பித்திருப்பர். சீரணமான உணவை உறிஞ்சுபவை இவையே. இவற்றைப் போர்த்திருக்கும் உயிரணுக்கள் குறுகிய ஆயுள் உடையவை. சில நாட்களுக்கு ஒருமுறை அவை உதிர்ந்துவிட, அடியிலுள்ள சிறு குழிகளில் புதிய உயிரணுக்கள் தோன்றி மேலேறி அவ்விடத்தை நிரப்புகின்றன. பார்வோ வைரஸ் விரைந்து பெருகும் உயிரணுக்களையே நாடிச் செல்லும் இயல்புடையது. ஆதலின் அது தாக்குவது இக்குழிகளைத்தான். விதைப்பண்ணை அழிந்தால் வயலில் நாற்று நட இயலாததுபோல, குழிகள் அழிந்தவுடன் குடலுறிஞ்சிகள் தேய்ந்து குட்டையாகின்றன. அதே வேளையில் வைரஸ் எலும்பு மச்சையையும் தாக்குவதால் வெள்ளையணுக்கள் குறைந்து, குடலிலுள்ள பாக்டீரியாக்கள் குருதியில் நுழைய வழி ஏற்படுகிறது. பிழைத்த குட்டியில் குழிகள் மீண்டும் தழைக்கின்றன. எனினும் பழைய உயரமும் பழைய சீரண ஆற்றலும் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை.

இக்குறை சிலவற்றில் நெடுநாள் நீடிக்கக்கூடும். ஜெர்மனியின் மியூனிக் நகரத்து ஆய்வாளர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கு கருதத்தக்கது. பார்வோ நோயினின்று பிழைத்த 71 நாய்களுள் 30 நாய்களுக்குப் பிற்காலத்தில் நாட்பட்ட வயிற்றுக் கோளாறு ஏற்பட்டிருந்தது. அந்நோய் கண்டிராத 67 நாய்களுள் 8 மட்டுமே அவ்வாறு துன்புற்றன. நோய் நீங்கிய பின் வரும் வாரங்களை அலட்சியமாகக் கழிக்கலாகாது என்பதற்கு இந்த எண்களே போதிய சான்று.

உணவு

வயிற்றுப்போக்கு நிற்கும்வரை குட்டியைப் பட்டினி போட வேண்டும் என்ற எண்ணம் நாடெங்கும் வேரூன்றியுள்ளது. இது பிழையானது. குடற்சுவர் தன் ஊட்டத்தில் பெரும் பங்கைத் தன் வழியே செல்லும் உணவிலிருந்தே பெறுகிறது. தென்னாப்பிரிக்காவில் கடும் பார்வோ நோயுற்ற 30 நாய்களைக் கொண்டு நடத்தி 2003-இல் வெளியிட்ட சோதனையில், தொடக்கத்திலேயே குழாய் வழியாக உணவு பெற்றவை, வாந்தி நிற்கும்வரை உணவின்றி வைக்கப்பட்டவற்றைக் காட்டிலும் ஏறத்தாழ ஒரு நாள் முன்னதாகத் தேறின. அவற்றின் எடையும் கூடிற்று. நோயின் உச்சத்திலேயே உணவு நன்மை செய்யுமாயின், தேறிவரும் குட்டியைப் பட்டினி போடுவதற்கு நியாயம் ஏதுமில்லை.

பட்டினிக்கு அடுத்த தவறு பால். வடபுலத்தில் பாலில் ஊறிய ரொட்டியும், தெற்கில் பால் சோறும், நகரங்களில் பாலும் பிஸ்கட்டும் குட்டிக்கு உகந்த உணவு எனக் கருதப்படுகின்றன. பசும்பாலில் ஏறத்தாழ 5 விழுக்காடு லாக்டோஸ் என்னும் பாற்சர்க்கரை உள்ளது. நாயின் பாலில் அது குறைவு. இச்சர்க்கரையைப் பிரிக்கும் நொதி குடலுறிஞ்சிகளின் மேற்பரப்பிலேயே அமைந்திருக்கிறது. நாம் மேலே கண்டவாறு தேய்ந்துபோனவை அவையே. ஆகவே சீரணிக்கப்படாத பாற்சர்க்கரை பெருங்குடலை அடைந்து, அங்கு நீரை இழுத்து, புளித்து, வாயுவையும் கழிச்சலையும் உண்டாக்குகிறது. பலவீனமான குட்டிக்குப் பாலாவது கொடுப்போம் என்று அன்போடு ஊற்றுபவரே அறியாமல் நோயை நீட்டிக்கிறார். பாலை அறவே நிறுத்திய மாத்திரத்தில் மலம் கட்டிப்படும் குட்டிகள் பல. தயிரில் பாற்சர்க்கரையின் ஒரு பகுதி முன்பே புளித்துப் போயிருப்பதால் ஓரிரு கரண்டித் தயிரைப் பெரும்பாலான குட்டிகள் தாங்கும்.

தேறும் காலத்துக்கு ஏற்றது கொழுப்புக் குறைந்த, எளிதில் சீரணிக்கும் உணவு. குழைய வேகவைத்த சோறும், தோலும் கொழுப்பும் நீக்கி நீரில் வேகவைத்துப் பிசைந்த கோழியிறைச்சியும் எங்கும் கிடைப்பவை. 3 கிலோ எடையுள்ள குட்டி ஓய்வாக இருக்கையிலேயே அதன் உடலுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 160 கிலோ கலோரி தேவை. வளரும் பருவமாதலால் நாளடைவில் அதைப்போல் இருமடங்குக்கு மேலும் வேண்டியிருக்கும். 100 கிராம் சோறும் 100 கிராம் வெந்த இறைச்சியும் சேர்ந்து ஏறத்தாழ 300 கிலோ கலோரி அளிக்கும். இதனை ஒரே வேளையில் வைக்காமல் ஐந்து அல்லது ஆறு வேளையாகப் பிரித்து வைத்தல் வேண்டும். முதல் இரு நாட்களில் பாதி அளவோடு தொடங்கி, மலத்தைக் கவனித்து உயர்த்தலாம். புலால் சமைக்காத இல்லங்களில் நன்கு வேகவைத்த முட்டை பயன்படும். உப்பு, மிளகாய், தாளித்த எண்ணெய் ஆகியவை கூடா. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. குழம்புச் சோறு கொடுக்கும் வழக்கத்தை இதன் பொருட்டேனும் விட்டுவிடுதல் நலம். தூய நீர் எந்நேரமும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

சோறும் கோழியும் சில வாரங்களுக்கு மட்டுமே உரியவை என்பதையும் உடனே சொல்லியாக வேண்டும். இவ்வுணவில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. மாதக்கணக்கில் இதையே தின்று வளரும் குட்டியின் எலும்புகள் மெலிந்து வளையும். சிறு துள்ளலிலும் முறியும். மலம் ஒரு வாரம் தொடர்ந்து கட்டியாக வந்தபின், குட்டிகளுக்கென முழுச் சத்துகளோடு தயாரிக்கப்படும் உணவை நாளுக்குச் சிறிதாகக் கலந்து, 7 முதல் 10 நாட்களில் முழுமையாக மாற்றிவிடலாம். வீட்டு உணவே தொடருமாயின் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் சுண்ணாம்புச் சத்தையும் பிற சத்துகளையும் சேர்க்க வேண்டும்.

வேறு காரணங்கள்

உணவைச் சீராக்கியும் இரண்டு வாரங்களில் குணம் தெரியாவிடில், எல்லாவற்றையும் பழைய நோயின் மேல் சுமத்திவிட்டு வாளாவிருத்தல் ஆகாது. நம் நாட்டுக் குட்டிகளில் முதலில் ஐயுற வேண்டியவை புழுக்கள். உருளைப்புழு தாயின் கருவிலேயே குட்டியை அடைகிறது. கொக்கிப்புழு தாய்ப்பாலின் வழியே வருகிறது. ஆதலால் "எங்கள் குட்டி வெளியே போனதே இல்லை" என்ற சொல்லை ஏற்றுப் புழு இல்லையென முடிவு செய்யலாகாது. கொக்கிப்புழு குருதியைக் குடிப்பதால் மலம் கரிய தாராக வரும், ஈறுகள் வெளுக்கும். இவற்றோடு ஜியார்டியா, காக்சிடியா என்னும் ஓரணு உயிர்களும் உண்டு. இவை சாதாரணப் பூச்சி மருந்துக்கு எல்லா வேளையிலும் அடங்குவதில்லை. ஜியார்டியா ஒரு நாள் மலத்தில் தென்பட்டு மறுநாள் மறைந்துவிடும். எனவே மூன்று நாட்களின் மலத்தைச் சிறு புட்டிகளில் எடுத்துச் சென்று உருப்பெருக்கியில் சோதிக்கச் செய்வதே முறை.

மலத்தைக் கவனிப்பதில் களப்பணியாளர் கூச்சம் கொள்ளலாகாது. நாளுக்கு இரண்டு மூன்று முறை மிகுந்த அளவில் போவதும், உடல் இளைப்பதும் சிறுகுடலின் குறையைக் காட்டும். பத்து முறை முக்கிமுக்கிச் சளியோடும் சிறிது செங்குருதியோடும் சிறிதளவே போனால் கோளாறு பெருங்குடலில் உள்ளது. பெரும்பசியோடு தின்றும் இளைத்துக்கொண்டே வந்து, வெளிறிய குவியலாக மலம் கழிக்கும் ஜெர்மன் ஷெப்பர்டு குட்டியில் கணையச் சுரப்புக் குறைவை நினைவு கொள்ள வேண்டும். இக்குறிப்புகளோடு செல்பவருக்கு மருத்துவர் கூறும் விடையும் தெளிவாக இருக்கும். வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே தராசில் குட்டியை நிறுத்து எழுதி வைத்தல் எல்லாவற்றினும் பயனுடையது. மளிகைக் கடைத் தராசே இதற்குப் போதும். பள்ளியில் குட்டி வளர்க்கும் மாணவர் இருப்பின், அவ்வெடையை வரைபடமாக்கும் பயிற்சியையும் ஆசிரியர் தரலாம். வளரும் குட்டியின் எடை இரண்டு வாரம் ஏறாமல் நின்றாலே அது நோய்க்குறி எனக் கொள்ள வேண்டும்.

மருந்துகளைப் பற்றி ஒரு சொல். வீட்டில் எஞ்சிய மெட்ரோனிடசோல் மாத்திரையைக் கழிச்சல் வரும்போதெல்லாம் பாதியாக உடைத்துப் போடும் வழக்கம் பரவலாக உள்ளது. நலமுள்ள நாய்களுக்கு அம்மருந்தைக் கொடுத்து ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, மருந்தை நிறுத்தி 4 வாரங்களுக்குப் பின்னும் குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்கள் முழுமையாகப் பழைய நிலையை அடையவில்லை. முன்னரே சீர்குலைந்த குடலில் இவ்வாறு மீண்டும் மீண்டும் தலையிடுவது அறிவுடைமை ஆகாது. மருத்துவர் காரணம் கண்டு எழுதிக் கொடுத்தாலன்றி அதனைத் தவிர்க்க வேண்டும். மனிதருக்குரிய வலி நிவாரணிகளான பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் ஆகியவை நாய்க்கு ஆபத்தானவை.

காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நிலைகளும் உள. கழிச்சலால் அவதியுற்ற குட்டிகளில் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் தொலைநோக்கிக் குழல்போலச் செருகிக்கொள்வதுண்டு. திடீரென வாந்தி திரும்பும். வயிற்றைத் தடவினால் தடித்த கழிபோன்ற ஒன்று கைக்குத் தட்டுப்படும். முக்கியும் குருதி கலந்த சளியே வரும். அறுவை மருத்துவமே இதற்கு வழி. தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே படியாதிருத்தல், ஈறுகள் வறண்டு வெளுத்தல், நீரையும் வாந்தியெடுத்தல், எழ முடியாது கிடத்தல் ஆகியனவும் அத்தகையவே.

சுற்றுப்புறம்

பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் உயிர்ப்போடிருக்கும். பினாயிலால் அது அழிவதில்லை. மருத்துவமனை மணம் வீசுவதால் தூய்மை வந்துவிட்டதென மக்கள் நம்புகின்றனர் போலும்! அதனைக் கொல்வது குளோரின். முதலில் கழிவை நீக்கி, தரையைச் சோப்பு நீரால் கழுவி, பின்னர் லிட்டர் நீருக்கு 7 கிராம் வீதம் புதிய பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிக் குறைந்தது 10 நிமிடமாவது ஊறவிட வேண்டும். நெடுநாள் திறந்து கிடந்த தூளில் குளோரின் போயிருக்கும். கழுவும்போதும் ஊறும்போதும் குட்டியை அப்புறம் வைத்து, தரை உலர்ந்த பின்னரே விட வேண்டும்.

உருளைப்புழுவின் முட்டைகளோ பிளீச்சிங் பவுடருக்கும் சாகா. மலத்தோடு விழுந்த முட்டை தொற்றும் நிலையை அடைய இரண்டு வாரமேனும் ஆகும். அதற்குள் அள்ளிப் புதைத்துவிடுவதே எளிய தடுப்பு. மண்ணளைந்த கையோடு உண்ணும் சிறுவரின் கல்லீரலையும் கண்ணையும் அப்புழுவின் இளம் உயிரிகள் அடையக்கூடுமாதலால், பள்ளி முற்றங்களில் குட்டிகள் திரியும் ஊர்களில் ஆசிரியர் இதில் முன்னிற்க வேண்டும். தடுப்பூசி போடாத, எச்சில் வழிய விழுங்கவும் இயலாத குட்டியின் வாயில் எவரும் கைவிடாதிருக்கச் செய்வதும் அவர் கடமை. அது வெறிநோயாகவும் இருக்கலாம்.

தேறிய குட்டிக்கு மற்றத் தடுப்பூசிகள் வேண்டாமென எண்ணுதல் தவறு. நாய் டிஸ்டெம்பர், வெறிநோய் ஆகியவற்றுக்குப் பார்வோ தந்த எதிர்ப்பாற்றல் உதவாது. மலம் சீராகி எடை ஏறத் தொடங்கியதும் மருத்துவரைக் கண்டு விடுபட்டவற்றைப் போடச் செய்ய வேண்டும். நோயுற்ற குட்டி, நோய் தொடங்கியதிலிருந்து இரண்டு வாரமும் சில வேளை அதற்கு மேலும் மலத்தில் வைரஸை வெளியிடும். அதுவரை தெருவின் பிற குட்டிகளோடு விடலாகாது. அவ்வீட்டுக்குப் புதிய குட்டி கொண்டுவர விரும்புவோர், 16 வார வயது கடந்து தடுப்பூசித் தொடர் முடிந்த குட்டியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.