காத்திருப்புக்கும் ஒரு கணக்கு
(மேற்படிப்பு: எதற்கு, எங்கே? – 11)

பொங்கல் முடிந்து சென்னைக்குத் திரும்பும் வண்டிகள் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நிற்பது ஆண்டுதோறும் செய்தியாகிறது. மேலிருந்து எடுத்த ஒரு படம், ‘அணிவகுத்த வாகனங்கள்’ என்று ஒரு தலைப்பு. மறுநாள் எல்லோருக்கும் மறந்துபோகும். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த இடத்தில்தான் இந்த வாரப் படிப்பு தொடங்குகிறது: எம்.இ. இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங். சில இடங்களில் பெயரோடு ‘மேனேஜ்மென்ட்’டும் சேர்ந்திருக்கும்.

ஒரு கவுன்டரில் ஒரு வண்டியை அனுப்ப சராசரியாக 10 விநாடி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மணிக்கு 360 வண்டி போகலாம். வருவது 300 என்றால், வரிசையில் சேர்ந்து கவுன்டரைக் கடக்க ஒரு வண்டிக்குச் சராசரியாக 1 நிமிடம். 340 வந்தால் 3 நிமிடம். 350 வந்தால் 6. 355 வந்தால் 12! கடைசியில் கூடியது ஐந்தே வண்டி. காத்திருப்போ இரண்டு மடங்கு. வண்டிகள் சொல்லிவைத்தாற்போல் பத்து விநாடிக்கு ஒன்றாக வந்தால் வரிசையே இராது. கும்பலாக வருகின்றன, ஒரு வண்டி சட்டென்று போகிறது, இன்னொன்று கணக்கில் பணமில்லாமல் நின்று தகராறு செய்கிறது. இந்த ஏறுமாறுதான் நேரத்தைத் தின்கிறது. 1909-லேயே கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணித அறிஞர், தொலைபேசி அழைப்புகளை வைத்து இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டுவிட்டார். 2021 பிப்ரவரியில் கட்டாயமான ஃபாஸ்டேக் அந்த 10 விநாடியைக் குறைக்கத்தான் உதவும். வருகிற வண்டி கவுன்டரின் திறனைத் தாண்டிவிட்டால் எந்த அட்டையும் காப்பாற்றாது.

இப்படி வரிசைகளைக் கணக்கிட்டுச் சீராக்குவதே இந்தப் படிப்பு என்று சொன்னால் பெற்றோர் கேட்பது ஒன்றுதான். “அப்போ இது ஃபேக்டரி வேலைதானே சார்? அதுக்கு எம்.பி.ஏ. படிச்சா போதாதா?” போதாது. எம்.பி.ஏ.வில் ஆள், பணம், சந்தை என்று எல்லாவற்றையும் தொட்டுச் செல்வார்கள். இங்கே கணக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். ஆபரேஷன்ஸ் ரிசர்ச், வேலை ஆய்வு, தரக் கட்டுப்பாடு, ஆலை அமைப்பு, சரக்கு இருப்பு, சிமுலேஷன் என்று பாடங்கள் போகும். புள்ளியியலைக் கண்டு ஓடுகிறவர்கள் இந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது.

வேலை ஆய்வுக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. அமெரிக்கப் பொறியாளர் டெய்லரின் காலத்தில் ஸ்டாப்வாட்சோடு தொழிலாளியின் பின்னால் போய் நின்றார்கள். 1911-ல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் அந்தக் கடிகாரத்தை எதிர்த்தே வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது என்பது என் கட்சி. ஆளை விரட்டுவதற்கு அல்ல, வேலையின் வரிசையைச் சீராக்குவதற்கே இந்தப் படிப்பு என்று எந்த ஆசிரியர் முதல் நாளே சொல்கிறாரோ, அவரிடம் படியுங்கள்.

விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. அதை அவர்கள் பயன்படுத்துவதில்லை. காகுப்பத்திலோ மேல்பாக்கத்திலோ அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரியில் பி.இ. முடித்தவர், எம்.இ. திட்டப்பணி என்றதும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கார் ஆலைகளைத்தான் தேடுகிறார். அங்கே பெரும்பாலும் எல்லாம் அளந்து முடிந்த கதை. பக்கத்திலேயே முண்டியம்பாக்கத்திலும் பெரியசெவலையிலும் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கரும்பு விவசாயி ஆலையிடமிருந்து ‘வெட்டு உத்தரவு’ வந்த பிறகே வெட்ட வேண்டும். வெட்டிய கரும்பு உடனே அரவைக்குப் போக வேண்டும். கிடக்கக் கிடக்க எடையும் குறைகிறது, சர்க்கரையும் குறைகிறது. எடை குறைந்தால் விவசாயிக்கு நட்டம், சர்க்கரை குறைந்தால் ஆலைக்கு நட்டம். எத்தனை ஊருக்கு ஒரே நாளில் உத்தரவு கொடுப்பது, எந்த ஊர் டிராக்டர் எத்தனை மணிக்கு எடைமேடைக்கு வர வேண்டும், வெட்டும் ஆட்கள் ஒருநாள் வராவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிடுவது? டோல்கேட் கணக்கேதான், இங்கே நிற்பது கரும்பு என்பதால் வெயிலும் கணக்கில் சேரும். புதிதாக ஓர் இயந்திரம் வாங்காமல், வண்டிகள் வரும் நேரத்தைப் பகிர்ந்து கொடுத்தே எவ்வளவு குறைக்கலாம் என்று காட்டினால் அது முழு ஆய்வேடு.

கரும்பு பிடிக்காதவருக்கு அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை இறங்கும் வரிசை இருக்கிறது. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பேருந்தையும் ஓட்டுநர், நடத்துநர் பணிநேரத்தையும் பொருத்தும் சிக்கல் இருக்கிறது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு வாங்கும் வரிசை இருக்கிறது. மூன்றிலும் முன் அனுமதி வாங்க அலைய வேண்டியிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சேரும் வழி சுருக்கமாக. கிண்டி பொறியியல் கல்லூரியில் இதற்கென்றே தனித் துறை உண்டு. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் எம்.இ. இருக்கிறது. திருச்சி என்.ஐ.டி.யில் எம்.டெக். இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங் அண்டு மேனேஜ்மென்ட். என்.ஐ.டி.க்கு கேட் (GATE) தேர்வு மதிப்பெண் வேண்டும். அண்ணா பல்கலைக்கழக வழியில் சேர, கேட் இல்லாதவர்கள் 2023 முதல் சீட்டா (CEETA-PG) தேர்வு எழுதுகிறார்கள். ஆனாலும் கேட் எழுதுங்கள் என்பேன்: தகுதி பெற்று, விதிகளுக்கு உட்பட்ட இடத்தில் முழுநேரமாகச் சேர்ந்தவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். வீட்டில் பணம் கேட்கத் தயங்கும் பிள்ளைக்கு அது சிறிய தொகை அல்ல. கேட்டில் ‘புரொடக்‌ஷன் அண்டு இண்டஸ்ட்ரியல்’ என்றே தனித்தாள் இருக்கிறது. மெக்கானிக்கல் படித்தவர்கள் இரண்டு தாள்களின் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

வேலை கிடைக்கவில்லையே, இரண்டு வருடத்தைத் தள்ளுவோம் என்று மட்டும் இதில் சேராதீர்கள். ஒன்றிரண்டு வருடம் ஏதாவது ஓர் ஆலையில் ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கே இந்தப் பாடங்கள் சட்டென்று பிடிபடுகின்றன. இந்த ஆண்டு கடைசி வருடத்தில் இருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள்: கேட் தேர்வு பிப்ரவரியில், விண்ணப்பம் அதற்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். தேதியை இன்றே பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)